டிரையருக்குள் விட்டுப்போன ஒயர்

கீழே இஸ்திரி போடுகிறவர் இன்று காலை யாருடைய வேட்டியையோ கருக்கிவிட்டார். பருத்தி கருகும் வாடை மூன்றாவது மாடி வரைக்கும் ஏறி வந்தது. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. செருப்பில்லாமல் படியிறங்கி அவருடைய வண்டிக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் எங்கே வந்திருக்கிறேன் என்பதே உறைத்தது. "ஒண்ணுமில்லீங்க அம்மணி, ஓரந்தான் தீஞ்சுபோச்சு" என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். மேலே வந்து அடுப்பைப் பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இவ்வளவு நாளும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதிவிடுவோம் என்று காகிதத்தை எடுத்தேன்.

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி. உங்கள் அப்பா பக்கவாதத்தில் படுத்து நாலாவது மாதம். மருதமலைப் பக்கமிருந்து மழை இறங்கினால் நிற்கிற மாதிரியே தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து விரிப்பு, ஆறு வேட்டி. பால்கனிக் கொடியில் போட்டது மூன்று நாளானாலும் ஈரமாகவே தொங்கும். வீடே நனைந்த துணி வாடை. அதற்காகத்தான் ஊரைக் காலி செய்துகொண்டு போன உங்கள் மில் அதிகாரி ஒருவரிடமிருந்து துணி உலர்த்தும் அந்த டிரையரை வாங்கி வந்தீர்கள். அது வந்த அன்று நான் உங்களைவிட அதிகம் அந்த மெஷினைத்தான் கொஞ்சினேன்.

ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. டைமர் குமிழைத் திருகி வைத்தால் அது மெல்ல மெல்லத் திரும்பிப் பூஜ்யத்துக்கு வந்து தானாக நிற்க வேண்டும். அது இருபது நிமிடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. நான் கவனிக்காமல் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் முழுக்க அது ஓடியிருக்கிறது. கடைசியில் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் சூடு மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்தீர்கள். டைமரைத் தனியே கழற்றி, உள்ளே கருத்துக்கிடந்த பித்தளைத் தகடுகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தீர்கள். குமிழைத் திருகிக் காதருகே வைத்துக் கேட்டீர்கள். டிக் டிக்கென்று நகர்ந்தது. உங்கள் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு பின்பக்கத் தகட்டைத் திறந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சாமானை எடுத்துக் காட்டினீர்கள்.

"இந்த ஃபியூஸும் போயிருக்குது அம்மணி. சூடு மீறுனா இது தன்னால அறுந்து ஹீட்டரை நிறுத்திப்போடும். இது இல்லாம ஓட்டக்கூடாது."

"புதுசு எப்ப வரும்?"

"பத்து நாளாகும்."

நான் என்ன சொன்னேன் என்பது ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "பத்து நாளா? உங்கப்பாவுக்குப் போட ஊட்ல ஒரு காஞ்ச துணி இல்லீங்க. மில்லுல எத்தனை மெஷினை ஓட்டறீங்க, இதை ஒண்ணு ஓட வெக்க முடியாதுங்களா?"

நீங்கள் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தீர்கள், மறுபடியும் எடுத்தீர்கள். உள்ளே அப்பா முனகினார். நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் பின்தகட்டுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஒயரை நேரா சேத்துப்போட்டேன். ஓடற வரைக்கும் பக்கத்துலயே நிக்கோணும், தெரியுதா?" என்றீர்கள். தலையாட்டினேன். நின்றேன். அன்று காய்ந்த விரிப்பைச் சூடாக எடுத்து அப்பாவுக்குப் போர்த்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உங்களுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

எட்டாவது நாள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு யாருக்கு டிரையர் நினைவு? ஒரு பழைய போர்வையைப் போர்த்தி மூலையில் தள்ளினோம். ஆடியில் மில்லிலிருந்து போன் வந்தது. நீங்கள் மின்பேனல் முன்னால் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், எழுந்திருக்கவில்லையாம். அந்த நாளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பொள்ளாச்சியில் உங்கள் தங்கை கல்யாணிக்குப் பதினொரு வருடம் கழித்துக் குழந்தை பிறந்தது. உங்களுக்குக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் அவளுடைய தோட்டத்து வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்கக் குழந்தைத் துணி தொங்கியது. "சும்மா கெடக்குது கல்யாணி, நம்ம டிரையரை அனுப்பிவெக்கறேன்" என்றேன். "அண்ணன் கைபட்ட சாமானுங்களா?" என்று அவள் கண் கலங்கினாள். அடுத்த வாரமே தேங்காய் ஏற்றிவந்த வண்டி காலியாகத் திரும்பும்போது அதில் ஏற்றி அனுப்பினேன். அந்த ஒயர் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. இதை நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, எனக்கே நம்ப முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு மாலை கல்யாணி போனில் சொன்னாள். "அண்ணி, அந்த டைமரு இருபதுலயே நின்னுக்குதுங்க. பரவாயில்லீங்க, நானே பாத்து நிறுத்திக்கறேன்." சரியென்று வைத்துவிட்டேன். மறுநாள் காலையில்தான், ரிப்பேருக்கு யாரையாவது அனுப்பலாமே, அந்த மெஷினோடு வந்த புத்தகம் எங்கே என்று உங்கள் மேஜை இழுப்பறையைத் துழாவினேன். புத்தகத்துக்கு அடியில் பிரிக்காத கூரியர் கவர் ஒன்று இருந்தது. உங்கள் பெயருக்கு வந்தது. பிரித்தேன். உள்ளே பஞ்சு சுற்றி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சாமான்.

அப்பாவின் கருமாதியன்று வாசலில் கூரியர்காரர் நின்றதும், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்ததும், நான் கையெழுத்துப் போட்டு வாங்கி இழுப்பறையில் போட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. நீங்கள் மறக்கவில்லை. வரவழைத்திருந்தீர்கள். உங்கள் கைக்கு வராமல் செய்தது நான்.

கல்யாணிக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். பிறகு அவள் வீட்டுக்காரருக்குப் போட்டேன், அவர் பாலக்காட்டில் இருந்தார். "அவ ஊட்லதானுங்க இருப்பா. பாப்பா தூங்குனா போனைச் சத்தமில்லாம வெச்சுப்போடுவா. ஏனுங்க, என்ன சங்கதி?" பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். தோட்டத்து வீட்டுக்கு எது பக்கம்? ஆள்காரர்களும் மழைக்கு வேலைக்கு வரவில்லை என்றார்.

உக்கடத்தில் பஸ் ஏறினேன். முந்தானையில் அந்தச் சாமானை முடிந்திருந்தேன். கிணத்துக்கடவு வரும்வரை நாற்பது தடவையாவது அவளைக் கூப்பிட்டிருப்பேன். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் குழந்தைக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொள்ளாச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக் கேட்டைத் தொட்டபோது ஒன்றரை மணி. வீடு அமைதியாக இருந்தது. கதவும் ஜன்னலும் மழைக்காகச் சாத்தியிருந்தன. நாய்கூடக் குரைக்கவில்லை, வாசலில் நின்று வீட்டின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்த பிறகு கல்யாணி தூக்கக் கண்ணோடு வந்தாள். "ஏனுங்க அண்ணி, சொல்லாம கொள்ளாம? வாங்க, வாங்க."

"மெஷின் ஓடுதா?"

"அரை மணி நேரத்துக்குத்தான் வெச்சனுங்க. பாப்பாவைத் தூளியில போட்டு நானும் அசந்துட்டேன்."

"எப்ப வெச்ச?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "பத்து மணிக்குங்க."

தூளி கட்டிய அறைக்கு அடுத்தாற்போல் இருந்த சின்ன அறையில் மெஷின். நடுச்சுவரில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. உள்ளே அது கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. குமிழ் இருபதில் நின்றது. காற்று வெளியேறும் குழாய் சுவரில் இடித்து நசுங்கியிருந்தது. கதவின் ரப்பர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்து, ஊதுபத்திப் புகை மாதிரி மேலே போனது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். உருளை நின்றது. அந்த அமைதியில் உள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம், சருகை மிதிக்கிற மாதிரி.

"ஐயோ, பாப்பா துணி!" என்று கல்யாணி மெஷின் கதவில் கை வைத்தாள்.

அப்போது நான் கத்திய கத்தலில் குழந்தை வீறிட்டது. மில்லில் பஞ்சு மூட்டை புகைந்ததைப் பற்றி ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னீர்களே, "பஞ்சு உள்ளுக்குள்ளயே வெந்துட்டிருக்கும். நாம தொறக்கறதுக்குத்தான் காத்துட்டிருக்கும்." அன்று அதைக் காதில் வாங்கியதாகக்கூட எனக்கு நினைப்பில்லை. ஆனால் அவள் கையைப் பிடித்து இழுத்தபோது அதே சொற்கள்தான் என் வாயில் வந்தன. தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு, எல்லாக் கதவையும் சாத்திவிட்டு வெளியே ஓடினோம்.

மாட்டுச் சாளையில் நின்றுகொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். திறக்காதீர்கள், வெளியிலேயே இருங்கள் என்றார்கள். வருவதற்கு அரைமணி ஆனது. அந்த அரைமணியும் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். குழந்தை என் தோளில் விக்கி விக்கித் தூங்கிப்போனது.

அவர்கள் மெஷினை அப்படியே முற்றத்துக்கு இழுத்துவந்து, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள். ஒரு முழ உயரத்துக்குத் தீ நாக்கு எழுந்து, தண்ணீர் பட்டு அடங்கியது. அவ்வளவு சின்னத் துணிகள். தொட்டதெல்லாம் உதிர்ந்தது.

அவர்களில் பெரியவராக இருந்தவர் பின்தகட்டைக் கழற்றினார். "ஃபியூஸ் இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஒயரு போட்டிருக்குதுங்க. யாரு செஞ்சது?" என்று தகட்டைத் திருப்பினார். அதன் உட்பக்கத்தில் மார்க்கரில் எழுதியிருந்தது: 'தற்காலிகம். ஃபியூஸ் வந்ததும் மாற்ற வேண்டும்.'

கல்யாணி குனிந்து படித்தாள். "அண்ணன் எழுத்து" என்றாள். பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்து, "எங்கண்ணன் இப்படிச் செய்யற ஆளே இல்லீங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். நான் அவசரப்படுத்தியதையும், நீங்கள் வேண்டாமென்று தயங்கியதையும், கூரியரை வாங்கி நான் மறந்ததையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தோளிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, "அண்ணனுக்கு உங்க பேச்சைத் தட்டத் தெரியாதுங்க அண்ணி" என்றாள். இன்றைக்கும் போன் செய்தால் எடுக்கிறாள், குழந்தை நன்றாக இருக்கிறது என்கிறாள், வைத்துவிடுகிறாள்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்த எண்ணம் வந்தது. நீங்கள் கைவைக்காத சொந்தக்காரர் வீடு எது? அன்னூரில் உங்கள் பெரியப்பா மகன் வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டர், ஆர்.எஸ்.புரத்தில் உங்கள் அத்தை வீட்டுக் கீசர், உங்கள் நண்பர் வீட்டு இன்வெர்ட்டர். லீவு நாளெல்லாம் யாருக்காவது எதையாவது சரிசெய்துகொண்டுதான் இருந்தீர்கள். அங்கெல்லாம் எந்த மூடிக்குள் என்ன இருக்கிறது? யாருக்கெல்லாம் அவசரமாக இருந்தது? அந்த வாரம் நான் தூங்கவில்லை.

நம் தெரு எலெக்ட்ரீஷியன் முருகேசனை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போகிறேன். "ஒரு தடவை தொறந்து பாத்துக்கறமுங்க" என்றால் யாரும் மறுப்பதில்லை. புருஷன் போன துக்கத்தில் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முருகேசன் திருகாணியைக் கழற்றும்போதெல்லாம் நான் டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பேன். மூடி திறக்கும். உள்ளே நீங்கள் நூல் பிடித்த மாதிரி வரிசையாகக் கட்டிவைத்த ஒயர்கள், ஒவ்வொரு முனைக்கும் ஒட்டிய சின்னச் சீட்டு. "இதுல கை வெக்கவே மனசு வராதுங்கக்கா. இந்த மாதிரி யாரு செய்வாங்க இப்ப?" என்பார். அத்தை வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதுவரை ஒன்பது வீடு. ஒரு இடத்தில்கூடக் குறையில்லை. என் பேச்சுக்காக மட்டும்தான் தவறியிருக்கிறீர்கள். பாக்கி இருப்பது மேட்டுப்பாளையத்தில் உங்கள் சித்தி வீடு ஒன்றுதான். அவர்கள் வீட்டுக் கீசரையும் நீங்கள்தான் ஒரு மழைக்காலத்தில் சரிசெய்து கொடுத்தீர்கள். வரும் ஞாயிறு போகிறோம். அங்கே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடத்தான் நேற்று விளக்கேற்றினேன். கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்த மூடிக்குள்ளும் நீங்கள் நேராகச் சேர்த்துவிட்ட ஒரு ஒயர் இருந்துவிடக் கூடாதா என்று என் மனது கேட்டது.