மரம் தெரிந்தால் மணி

ஐப்பசி 20, வியாழன்

இன்று முதல் ஒன்பது மணிக்கே பள்ளி. சமவெளிக்கும் மலைக்கும் இனி ஒரே நேரம் என்று போன வாரம் சுற்றறிக்கை வந்தது. தலைமையாசிரியை என்ற முறையில் நானே போய் மணி அடித்தேன். மைதானத்தில் பனிமூட்டத்தைத் தவிர ஒருவரும் இல்லை.

நான் இதே எஸ்டேட் பள்ளியில் படித்தபோது, ஃபேக்டரி ஓரத்துச் சில்வர் ஓக் மரம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் சார் மணி அடிப்பார். அதற்கு முன்னால் தேயிலைக்குள் காட்டெருமை நின்றாலும் தெரியாது. நேற்று வரை நானும் அப்படித்தான் அடித்தேன். சுற்றறிக்கை எழுதியவர் காட்டெருமையைப் பார்த்திருக்க மாட்டார்.

பக்கத்து லைன் வீடுகளில் இருந்த தொழிலாளர் பிள்ளைகள் நாங்கள் சீக்கிரமே வந்து சமையல் அடுப்பைச் சுற்றிக் குளிர்காய்வோம். மரம் தெரிந்த பிறகும், "தெரியலைங்க சார்!" என்று கூச்சல் போடுவோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, மரத்தையே பார்த்து, "ஆமா, தெரியல" என்பார். இன்னும் பத்து நிமிடம் நெருப்பு எங்களுக்கு.

இன்று மூன்றாம் வகுப்பு செல்வி பத்து மணிக்கு வந்தாள். தலையெல்லாம் ஈரம்.

"ஏன் லேட்டு?"

"மரம் தெரியலைங்க டீச்சர்."

அவளுக்குப் பின்னால் மரம் வெயிலில் பளிச்சென்று நின்றது. அரை நாள் ஆப்சென்ட் போட்டேன். போய் உட்கார்ந்தாள்.

நானும் கண்ணாடி போட்டு ஆறு வருடமாகிறது. ஒரு தரம் கழற்றித் துடைத்திருக்கலாம்.