கண்கட்டை நீக்கிய தீர்மானம்

அண்ணை,

இன்று காலை நம் சங்கத்தின் புதிய தலைவி வீட்டுக்கு வந்திருந்தார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கும் பிள்ளை. மண்டபத்து அலுமாரியை ஒதுக்கியபோது கிடைத்தது என்று ஒரு கடதாசிப் பையை நீட்டினார். உள்ளே நாலாக மடித்த கறுப்புத் துணி. பூச்சி உருண்டை வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. பழைய சின்னம்தானே, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். துணி என் மேசையில் கிடக்கிறது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன், வெட்கக்கேடுதான்.

துறைமுக அலுவலகத்தில் ஒரே அறையில் எதிரும் புதிருமாகக் கதிரை போட்டிருந்தோம். என்னிலும் இரண்டு வயது மூத்தவர் என்பதால் உங்களை அண்ணை என்றேன். நீங்களும் பதிலுக்கு என்னை அண்ணை என்று நக்கலடிப்பீர்கள். சங்கத்துக்கு மட்டும் நான் மூத்தவன். நீங்கள் பல வருடம் கழித்துத்தான் சேர்ந்தீர்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் வேலைக்காரர்கள் தொடங்கிய சகோதர சங்கம். நங்கூரம் செதுக்கிய மேசையும், ஒருவருக்கும் முழுதாக விளங்காத உறுதிமொழியும், அந்தச் சேர்ப்புச் சடங்கும் அப்போதிருந்து வந்தவை. புதிதாகச் சேர்கிறவரின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, கையில் கப்பல் கயிற்றின் நுனியைக் கொடுத்து, மண்டபத்தை மூன்று முறை சுற்ற வைப்போம். பழைய சகோதரர் ஒருவர் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு கூடவே நடப்பார். ஊரில் நமக்குக் கயிற்றுக் கோஷ்டி என்று பட்டம். வயது போன ஆம்பிளைகள் கண்ணைக் கட்டி விளையாடுகிறார்கள் என்று என் மனுசி சிரிப்பாள்.

சண்டையெல்லாம் ஓய்ந்து கனகாலமான பிறகும் இளம் ஆட்கள் ஒருவரும் சேரவில்லை. கடைசியில் பதினொரு பேர்தான் மிஞ்சினோம். நான் செயலாளர். சங்கத்தைப் புதுக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

நீங்கள் பழமைவாதி அல்ல. உறுதிமொழியை நல்ல தமிழில் எழுதித் தந்ததே நீங்கள்தான். பெண்களைச் சேர்க்கலாம் என்றபோது முதலில் எழுந்த கையும் உங்களுடையது. பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் ஒரு மாலை என் பட்டியலைக் காட்டினேன். கண்கட்டுக்கு வந்ததும் விரலை வைத்தீர்கள். "இதை மட்டும் விடுங்கோ. இது இருக்கட்டும்" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். தேநீரை ஆற்றத் தொடங்கிவிட்டீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

விட்டதற்குக் காரணம், உங்கள் மனது எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான். அதற்குச் சில வருடம் முன்பு, ஒரு கலியாண வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, வெளியே கடலைப் பார்த்தபடி ஒன்று சொன்னீர்கள். பிரச்சினைக் காலத்தில் உங்களைப் பிடித்துப்போய், கண்ணைக் கட்டி, மூன்று நாள் வைத்திருந்தார்கள் என்று. உங்கள் வீட்டுக்காரிக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றீர்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு அந்தத் துணியைப் பார்க்கவே ஏலாமல்தானே இருக்கும்; வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார், அவருக்காக நான் சொல்லிவிடுகிறேன் என்று நானாகவே முடிவு கட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

பழைய வழக்கம் ஒன்றை நீக்குவதானால் வந்திருக்கும் எல்லோரும் கை தூக்க வேண்டும் என்பது நம் விதி. கூட்டத்தில் இரண்டு பேர் முரண்டு பிடித்தார்கள். கண்ணைக் கட்டுவதற்கு இந்த மண்ணில் வேறு அர்த்தம் வந்துவிட்டது என்று பேசிப் பார்த்தேன். அசையவில்லை. அப்போதுதான் சொன்னேன், நம்மிலேயே ஒருவர் அப்படிக் கட்டுண்டு மூன்று நாள் கிடந்தவர், அவர் முன்னால் இதைச் செய்வது பாவம் என்று. பெயரைச் சொல்லவில்லை. ஆனால் உங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மற்ற ஒன்பது தலையும் உங்கள் பக்கம் திரும்பின. முரண்டு பிடித்தவர்கள் உடனே கை தூக்கினார்கள். மேசையைப் பார்த்தபடி நீங்களும் தூக்கினீர்கள். தீர்மானம் நிறைவேறியது என்று எழுதிக்கொண்டேன். எனக்கு அப்போது சந்தோசம்.

வெளியே உங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கோபம் இல்லை, அலுவலகத்தில் கடிதம் வாசிக்கும் அதே குரல்.

"அந்த மூண்டு நாளும் பெரிய பயம் என்னண்டால், பக்கத்தில நிக்கிறது ஆர் எண்டு தெரியாததுதான். இஞ்சை கண்ணைக் கட்டேக்கை தோளில ஒரு கை இருந்தது. கடைசி மட்டும் எடுக்கேல்லை. அண்டைக்குத்தான் கனகாலத்துக்குப் பிறகு விடியும் மட்டும் நித்திரை கொண்டனான். அது உங்கட கை. மறந்து போனியளோ?"

மறந்துதான் போயிருந்தேன், அண்ணை. அன்றைக்கு என்னுடைய முறை, நடந்தேன், அவ்வளவுதான். "துணியை எடுத்தது பரவாயில்லை. என்ர கதையை எடுத்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போனீர்கள். அதன் பிறகு நீங்கள் மண்டபத்துக்கு வரவில்லை. சந்தையில் கண்டால் சுகமோ என்பீர்கள். ஓம் என்பேன். அதற்கு மேல் கதை இல்லை.

சங்கம் பிழைத்துக்கொண்டது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கதவைத் திறந்து வைத்துக் கூட்டம் நடக்கிறது. இரத்ததான முகாம் வைக்கிறோம். கண்ணைக் கட்டுவதென்றால் இவர்களில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். ஆகவே மாற்றியது பிழை என்று இன்றும் என்னால் சொல்ல ஏலாது. உங்களைக் கேளாமல் உங்களை வைத்து மாற்றியதுதான் பிழை. ஒரு வழக்கம் யாருக்கு என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும் என நினைத்துவிட்டேன். துணியைச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்போகிறேன். உங்களை ஒரு தரம் காட்சிக்கு வைத்தது போதும்.

உங்களுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்துத்தான் வந்தேன். ஒரு கண்ணில் கட்டு. மற்றதில் பார்வை முன்பே போயிருந்தது. உங்கள் மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். "ஆர்?" என்றீர்கள். வாய் வரவில்லை. கையை மெல்லத் தூக்கி என் பக்கம் நீட்டினீர்கள். தோடம்பழப் பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன். இன்னொரு நாள் வரலாம், இன்னும் ஆறுதலாகப் பேசலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த இன்னொரு நாள் உங்கள் செத்தவீடாகப் போயிற்று.

எல்லோரும் போன பிறகு உங்கள் மனைவி என்னை ஒருபக்கம் கூப்பிட்டார்.

"அண்டைக்குப் பழம் கொண்டுவந்தது நீங்கள்தானே? அவருக்குத் தெரியும். செருப்புச் சத்தத்திலயே பிடிச்சிட்டார். வாயைத் திறக்காட்டிப் பரவாயில்லை, கையைப் பிடிக்கட்டும் எண்டு நீட்டினனான் எண்டு சொன்னவர்."

நீங்கள் தண்ணீர் கேட்கிறீர்களாக்கும் என்று நினைத்ததாக அவரிடம் சொன்னேன். அது பொய், அண்ணை. எதற்காக நீட்டினீர்கள் என்று தெரிந்துதான் திரும்பி நடந்தேன்.