நாய் என்ன நிறம்?

ரெட்டியார்பாளையம்
9.7.2006

அன்புள்ள கலாவுக்கு,

போன் பண்ணினால் உன் அக்காதான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாய் என்கிறார். அதனால் எழுதுகிறேன். ஹேமா கால் எப்படி இருக்கிறது? கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியை விடாமல் செய்யச் சொல்.

நேற்று அன்வருதீன் பாய் பட்டறைக்குப் போய் நம் மஸ்டாங் காரைப் பார்த்தேன். நசுங்கிய முன்பக்கத்தைப் பாதி நிமிர்த்திவிட்டார். கோபப்படாதே, இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா கிருஷ்ணசாமி, கப்பலில் கொண்டுவந்து கொட்டகையில் போட்டுவைத்திருந்து நமக்கு விற்ற வண்டி அது. முதன்முதலில் தார்ப்பாயை விலக்கிப் பார்த்த அன்று நீயும்தான் கூட இருந்தாய். நீளமான பானெட், குட்டையான பின்பக்கம், கூரையிலிருந்து வால்வரைக்கும் ஒரே கோடாக இறங்கும் சரிவு. "பாயறதுக்கு முன்னாடி பதுங்கின மாதிரி இருக்குங்க" என்று சொன்னவள் நீ. சிவப்பு வேண்டாம், கருநீலம் அடியுங்கள் என்றதும் நீதான். டிராயிங் டீச்சர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே?

அந்த நாய் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்! ஆறு மாதமாக அதையேதான் நினைக்கிறேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆகஸ்ட் பதினைந்து லீவுக்காவது வாருங்கள்.

உன்,
கோவிந்தராசு


காரைக்கால்
22.7.2006

ஹேமா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹேமா மாடிப்படி ஏறிவிடுகிறாள், இறங்கத்தான் பயப்படுகிறாள். கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள். இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன்.

வண்டியைப் பற்றி எழுதியதற்குக் கோபம் இல்லை. அழகாக இருப்பதை அழகு என்று சொன்னால் என்ன? அன்றைக்குக் கடற்கரைச் சாலையில், பழைய கார்களின் அணிவகுப்பில், சனம் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு நம் வண்டியைச் சுற்றி நின்றபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதன் எஞ்சின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் கேட்கும். எனக்கும் அது பிடிக்கும்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இடது பக்கம் ஸ்டியரிங் இருக்கிற வண்டி, வலது பக்கம் வருவது உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று ஹேமாவைத்தானே வலது சீட்டில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வீர்கள்? "போலாம்ப்பா", "இருப்பா" என்று அவளும் சொல்வாள். அந்த நாய் தன் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும், தான்தான் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடிபட்ட நிமிஷம் எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. போன வாரம் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அந்த நாய் என்ன கலரும்மா?" என்று கேட்டாள்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் நான் சாமான் வாங்கப் பெரிய மார்க்கெட்டில் இறங்கிக்கொண்டேன். வண்டியில் இருந்தது நீங்கள்தான். நீங்களே எழுதுங்கள். நாய் என்ன நிறம்?

சந்திரகலா


ரெட்டியார்பாளையம்
6.8.2006

கலா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நாய் எதுவும் வரவில்லை.

அணிவகுப்புக்கு மூன்று வாரம் முன்னால் அன்வருதீன் பாய் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஆயில் கசிகிறது, பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது என்றார். "வேற பிரேக் சிலிண்டர் மாத்தித் தர்றேன் சார், அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்று சொன்னார். ஊரில் கிடைக்கிற சிலிண்டரைப் போட எனக்கு மனசு வரவில்லை. அறுபத்தாறாம் வருஷத்து வண்டிக்கு அதே வருஷத்து உருப்படிதான் வேண்டும் என்று அமெரிக்காவுக்கு எழுதியிருந்தேன். பார்சல் வரவில்லை. அதற்குள் அணிவகுப்பு நாளான ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டு நானே எடுத்துவிட்டேன்.

திரும்பும்போது இந்திரா காந்தி சிலை சிக்னலில் பஸ் ஒன்று நின்றிருந்தது. மிதித்தேன், பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. இடது பக்கமாக ஒடித்தேன். பஸ்ஸின் பின்மூலை ஹேமா பக்கம் இடித்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ்காரர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது நாய் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு உன்னிடமும் சொன்னேன். கண் திறந்ததும் ஹேமா கேட்டாள், அவளிடமும் அதையே சொன்னேன்.

குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை, கலா. "இருப்பா, பஸ் நிக்குது" என்று சொன்னாள். இடிப்பதற்கு முன்னால் அவள் சொன்னது அதுதான்.

வண்டியை விற்றுவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

கோவிந்தராசு


காரைக்கால்
19.8.2006

ஹேமா அப்பாவுக்கு,

பிரேக் விஷயம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாளே அன்வருதீன் பாய் வந்து, வராந்தாவில் நின்று சொல்லி அழுதார். சாவியைத் தானே வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். நீங்களாகச் சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். ஏழு மாதம். அதற்குள் பிள்ளை இந்தப் பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்த அன்றைக்கே நானாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். அது என் தப்பு.

உங்கள் கடிதத்தை ஹேமாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு, "பஸ் நிக்குதுன்னு நான் சொன்னேனாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடியும் ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு அவளே தட்டை எடுத்துவந்து சோறு போடச் சொன்னாள், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

வண்டியை எனக்காக விற்க வேண்டாம். அது எதுவும் செய்யவில்லை. பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் எடுத்தீர்களே, அதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. ஒன்பது வயசுப் பிள்ளை கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கும்போது எப்படிப் பொய் சொன்னீர்கள்? அதைத் தாண்டி என்னால் அந்த வீட்டுக்கு வர முடியவில்லை. இந்த ஊருக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஹேமா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வாருங்கள். எழுதியதையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் என்ன கேட்டாலும் மழுப்பாதீர்கள்.

நானும் அக்காவும் அப்போது வெளியே போயிருப்போம். சமைத்து மூடி வைத்திருப்பேன். இரண்டு பேரும் போட்டுச் சாப்பிடுங்கள். சாயங்காலம் நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டால் எனக்கு நல்லது.

சந்திரகலா