கால் சுற்று

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் செய்தால் "துறைமுகத்துல ஒரே சத்தம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் எட்டு மாதமாக வரவேயில்லை. கடிதத்தில் சத்தம் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

நம் டைவிங் பள்ளி ஓடுகிறது. நான் ஒருத்தியே வகுப்பு எடுக்கிறேன், படகுக்காரரிடம் சண்டை போடுகிறேன், நனைந்த உடைகளையும் நானே அலசுகிறேன். உன் மாப்பிள்ளை கம்ப்ரெஸர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சிலிண்டர்களில் காற்று நிரப்புகிறார், வரிசையாக அடுக்குகிறார், பிறகு கலைத்து மறுபடி அடுக்குகிறார். கடல் தெரிகிற ஜன்னலில் துண்டு காயப்போட்டு மறைத்து வைத்திருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாணவி பல் டாக்டரம்மாவுக்கு விபத்து நடந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. அதற்காக நிறுத்தி வைத்த இவருடைய பயிற்சியாளர் அட்டையைத் திருப்பித் தர டைவிங் சங்கம் தயார். "மாணவியின் சிலிண்டர் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று சோதிக்கத் தவறினேன்" என்று ஒரு தாளில் ஜூன் 30க்குள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். போடாவிட்டால் அட்டை நிரந்தரமாக ரத்து. போட மாட்டேன் என்கிறார். "நான் தொறந்தேன். செக் பண்ணேன். பண்ணலன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?" வருடம் முழுக்க இதே வசனம்தான்.

அந்தச் சிலிண்டர் மேலே வந்தபோது வால்வு கால் சுற்றுதான் திறந்திருந்தது என்று விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. வால்வு தானாகவா மூடிக்கொள்ளும்? பதினெட்டு மீட்டர் ஆழத்தில் மூச்சு கிடைக்காமல், இவர் கையை நீட்டுவதற்குள் அந்த அம்மா விருட்டென்று மேலே ஏறி, நுரையீரல் காயப்பட்டுப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தவறு யாருக்கும் நடக்கும். ஒப்புக்கொள்வதில் என்ன வீம்பு?

நீ சொன்னால் கேட்பார். அன்றைக்குப் படகில் நீயும் இருந்தாயே. "போட்டுடுங்க மாப்பிள்ளை" என்று ஒரு வரி எழுது, போதும்.

இன்னொன்று. தண்ணீரில் இறங்குவதற்கு முன் செய்யும் சோதனைகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வால்வை முழுக்கத் திறந்து, பிறகு கால் சுற்றுப் பின்னால் திருப்பி வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிச் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. நம் பள்ளிக்கு அதைக் கொண்டுவந்தவன் நீ. உன்னைக் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை.

உன்,
வாலு


ஜூன் 9

என் அருமை வாலுவுக்கு,

எட்டு மாதக் கணக்கை இவ்வளவு சரியாக வைத்திருக்கிறாயே, வட்டி போடாமல் விட்டாயே, அதுவரை சந்தோஷம்.

நான் நன்றாக இருக்கிறேன். கப்பலுக்கு முதுகு சொறிந்துவிடுகிற வேலை. அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியாது. அறையில் ஐந்து பேர். ஒருவர் விடுகிற குறட்டைக்கு உன் கம்ப்ரெஸர் பிச்சை வாங்க வேண்டும்.

மாப்பிள்ளையைக் கையெழுத்துக்காக நச்சரிக்காதே. அப்படியொரு வரி என்னால் எழுத முடியாது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

கால் சுற்றைத் தூக்கிவிடு. அந்தக் காலத்தில் வால்வு இறுகிப் போகாமலிருக்க அப்படிச் செய்தோம். இப்போதைய வால்வுகளுக்கு அது தேவையில்லை. முழுக்கத் திற, அப்படியே விடு. காற்று அளவு காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மூன்று தடவை நன்றாக மூச்சு இழுக்கச் சொல். ஊசி அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கூடவே ஒன்று எழுதிக்கொள். சோதித்து முடித்த சிலிண்டரை வேறு யாரும் தொடக் கூடாது. யாராக இருந்தாலும்.

வேளைக்குச் சாப்பிடு. எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணா


ஜூன் 16

அண்ணாவுக்கு,

நேற்று பயிற்சிக் குளத்தில் ஒரு வேலை செய்தேன். என் சிலிண்டரை முழுக்க மூடிவிட்டு, கால் சுற்று மட்டும் திறந்தேன். காற்று நிறைய இருப்பதாகவே மீட்டர் காட்டியது. மேலே உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விட்டால் ஒரு குறையும் தெரியவில்லை. நீ சொன்னபடி மீட்டரைப் பார்த்துக்கொண்டே பலமாக இழுத்தேன். ஊசி சடக்கென்று விழுந்து எழுந்தது. குளத்தின் அடியில் வேகமாக நீந்தியபோது யாரோ குழாயை மிதித்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது. பல் டாக்டரம்மா விசாரணையில் சொன்னது இதையேதான். நாலு மீட்டர் குளத்திலேயே நான் நீந்துவதை நிறுத்திவிட்டேன். பதினெட்டில் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் கடைசி வரி உறைத்தது. யாரும் தொடக் கூடாது என்கிறாய். சோதனை முடிந்த பிறகு நம் படகில் யார் தொடுவார்கள்? ஒரே ஒருத்தர்தான். உனக்குக் கைராசி என்று நாம் எல்லோரும் சேர்ந்து ஏற்றிவிட்டோம். தண்ணீரில் குதிக்கும் முன் ஒவ்வொருவர் வால்வையும் நீ ஒருமுறை திருகிப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுப்பாய். "அண்ணன் கைபடாம நான் குதிக்க மாட்டேன்" என்று மாணவர்கள் அடம்பிடிப்பார்கள். நானும்தான் அடம்பிடித்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் படகின் மறுபக்கம் வேறு இருவரைத் தயார்செய்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது. அதனால் கேட்கிறேன். பல் டாக்டரம்மாவின் சிலிண்டரை நீ தொட்டாயா?

ஒரு வார்த்தையில் பதில் போதும். கப்பல் கதை வேண்டாம்.

வாலு


ஜூன் 21

வாலு,

தொட்டேன்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் மீதியும் உனக்குத் தெரிய வேண்டும்.

மாப்பிள்ளை அந்த அம்மாவைச் சோதித்து முடித்து, காலில் துடுப்பு மாட்டப் போய்விட்டார். வழக்கமாக மாணவருக்குப் பின்னால் நின்றுதான் வால்வைப் பிடிப்பேன். அந்த அம்மா படகின் விளிம்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நிற்க இடமில்லை. முன்னால் நின்று, தோளுக்கு மேலே கையைப் போட்டுத் திருகினேன். கை திரும்பியிருந்ததால் திசையும் மாறிவிட்டது. திறக்கிறோம் என்று நினைத்து மூடினேன்.

நிறைய சுற்றியது. "என்ன மாப்பிள்ளை தொறக்கவே மறந்துட்டாரு" என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வெளியே சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் நின்றது. முழுக்கத் திறந்தாலும் நிற்கும், முழுக்க மூடினாலும் நிற்கும். விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு பழக்கப்படி கால் சுற்றுப் பின்னால். முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்த அம்மா "தேங்க்ஸ் அண்ணா" என்றார்.

அவரைப் படகில் தூக்கிப் போட்டதும் வால்வைப் பார்த்தேன். அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. விசாரணையில் "நீங்கள் எதையாவது கவனித்தீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மாப்பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு வருடத் தடை என்று சொன்னபோது வாயைத் திறக்கும் தைரியம் போய்விட்டது. வேலை கிடைத்தது என்று உன்னிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். நீ போன் செய்தால் உடனே வைத்ததற்குக் காரணம் சத்தம் இல்லை.

இதே விவரத்தைச் சங்கத்துக்குத் தனியாக எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். 30க்குள் கொண்டுபோய்க் கொடு. என் அட்டை போனால் போகட்டும். மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பல் டாக்டரம்மாவிடமும் சொல்லிவிடு. அவர்கள் சம்மதித்தால் ஒரு தடவை வந்து நேரில் பேசுகிறேன். வரலாமா?

அண்ணா


ஜூலை 4

அண்ணாவுக்கு,

கடிதத்தை முதலில் அவரிடம்தான் கொடுத்தேன். கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "உங்கண்ணன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆயிடுச்சு" என்றார். பிறகு கம்ப்ரெஸரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீயும் நம்பலல்ல?"

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் கேட்டார். அழுதேன். விசாரணையில் என்னைக் கேட்டபோது "அவர் சோதித்ததை நான் பார்க்கவில்லை" என்றேன். அது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வருடம், சாப்பாட்டு மேசையில், படுக்கையில், எல்லா இடத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, டீ போடு" என்றார். பாதியைக் கீழே கொட்டினேன்.

28ஆம் தேதி சங்கத்தில் உன் கடிதத்தைக் கொடுத்தோம். அவருடைய அட்டையை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். உன் அட்டை இரண்டு வருடம் நிறுத்தம். உனக்குத் தனியாகக் கடிதம் வரும். நான் எழுதிக் கொடுத்த புதிய சோதனை முறையை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம். முழுக்கத் திற, ஊசியைப் பார்த்து மூன்று மூச்சு, அதன் பிறகு யார் கையும் படக் கூடாது. மூன்றாவதைச் சொன்னவன் நீ என்று அவர்களிடம் சொன்னேன்.

நேற்று அவர் கடலில் இறங்கினார். ஜோடியாக நான் போனேன். இறங்கும் முன் முதுகைக் காட்டி உட்கார்ந்து "பாரு" என்றார். வால்வைத் திறந்தேன். அவர் மூன்று மூச்சு இழுக்கும்வரை ஊசியையே பார்த்தேன். "சரியா இருக்கு" என்றேன். திரும்பி ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. அப்படியே குதித்துவிட்டார். முகமூடிக்குள் எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டது.

பல் டாக்டரம்மாவிடம் உனக்காக நான் பேச மாட்டேன். முகவரி இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. நீயே எழுது.

வரலாமா என்று கேட்டிருந்தாய். அவர் "வரச் சொல்லு, பாவம்" என்கிறார். அது அவர் குணம். எனக்கு அந்தக் குணம் இல்லை. நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என் கணவரைப் பொய்யர் என்று நினைத்து ஒரு வருடம் வாழ்ந்திருக்க மாட்டேன். பாதிக் குற்றம் என்னுடையது, தெரியும். அந்தப் பாதியைச் சுமக்கவே இப்போது நேரம் சரியாக இருக்கிறது. உன்னைப் பார்த்தால் உன் பாதியையும் சேர்த்துக் கத்திவிடுவேன்.

வராதே. உன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார முடியும் என்று தோன்றுகிற அன்றைக்கு நானே எழுதுகிறேன்.

தங்கை