அக்காவின் வெள்ளைப் பொடி

12 ஆகஸ்ட் 1996, திங்கள். மைசூர்.

அக்காவின் ஆராய்ச்சிப் பொடியில் முகப்பவுடர் கலந்தது நான்தான். வெள்ளீயம் சேர்த்த ஜியோலைட்டாம், ஏதோ வினையூக்கி. அதுக்கும் கொஞ்சம் மேக்கப் இருக்கட்டுமே என்றுதான் போட்டேன். கண்டுபிடித்துத் திட்டுவாள் என்று காத்திருந்தால், பார்க்காமலே பெங்களூருக்கு எக்ஸ்ரே சோதனைக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று ரிசல்ட் வந்தது. வேறு ஏதோ கலந்திருக்கிறதாம். புரொபசர் எல்லார் முன்னாடியும் கத்தியிருக்கிறார். மறுபடி முதலிலிருந்து செய்யணும், ஒன்பது நாள் ஓவனில் வைக்கணும்.

"நான்தான் பாத்திரத்தைச் சரியா கழுவலைடா" என்று அழுதாள்.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"யேனோ, என்னடா நீயும் உம்முன்னு இருக்கே? ஏதாவது ஜோக் சொல்லுடா."

சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.