அச்சில் நான் போட்ட தெருப் பெயர்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

உன் பெயரை எழுதாமல் ஆரம்பிக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் கூப்பிட்ட பெயர் அது. என் தங்கையை நீ கட்டிக்கொண்ட பிறகும் மாற்றாமல் கூப்பிட்ட பெயர். அதை ஏன் விட்டேன் என்பதைக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ கண்ணை மூடி நான்கு வருஷம் ஆகிறது. உன் பெண் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஆறு மாதம் இருந்துவிட்டு நின்றுவிட்டாள். இப்போது உன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீடியோ கேம் ஆடுகிறாள். அவள் ஆடுவதை எங்கெங்கோ இருப்பவர்கள் இணையத்தில் நேரலையாகப் பார்க்கிறார்கள். ஆடிக்கொண்டே அவர்களோடு பேசுகிறாள், கிண்டலடிக்கிறாள், தோற்றால் தன்னையே திட்டிக்கொள்கிறாள். வீடு அதில்தான் நடக்கிறது.

“இது ஒரு வேலையாம்மா?” என்று நானும் கேட்டேன்.

“மாமா, நீங்க நாள் பூரா போன்ல பேசிக்கினே இருக்கீங்க. எங்கனா தீப்பிடிச்சா வேடிக்கை பாக்கப் போறீங்க. அத வேலைன்றீங்க. நான் பேசினா மட்டும் பொழுதுபோக்கா?”

அதனால் ஒரு நாள் கூடத்தில் நாற்காலி போட்டு, திறந்திருந்த கதவு வழியே கவனித்தேன். சரியாக ஒரு மணிக்கு உட்கார்ந்தாள். ஐந்து மணி வரை எழுந்திருக்கவில்லை. ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் சிரித்துப் பேசினாள். ஒன்றரை மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதுமே, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் மைக்கை அணைத்தாள். ஊதி முடிந்ததும் போட்டாள். இதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டேன். சங்குக்கு ஏன் மைக்கை அணைக்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நிருபராக ஊரைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா காபியை வாங்கிக்கொண்டே, “பொண்ணு இன்னா வேலை பண்ணுது?” என்றார். உன் மனைவி, “வேலையெல்லாம் ஒண்ணுமில்லக்கா, வீட்லதான் சும்மா இருக்குது” என்றாள். உன் பெண் சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அவர்கள் போன பிறகு, “சும்மா இருக்கறவ ஏம்மா கரண்ட் பில் கட்டறேன்?” என்று மட்டும் கேட்டாள். சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அந்த முகத்துக்காகத்தான் எங்கள் பேப்பரில் அவளைப் பற்றி எழுதினேன். அச்சில் வந்துவிட்டால் ஊர் அதை வேலை என்று ஒத்துக்கொள்ளும் என்று நம்பினேன். “சேனல் பேர மட்டும் போடுங்க மாமா” என்றாள். நான் தலையாட்டினேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, தகப்பன் பெயர், தெரு. விபத்தில் செத்தவனுக்கும் அதேதான், பரிசு வாங்கியவனுக்கும் அதேதான். கை தானாக எழுதிவிட்டது என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதியை உன்னிடம்தான் சொல்ல முடியும். உன் பெயர் ஒரு தடவையாவது அச்சில் வரட்டும் என்று ஆசைப்பட்டேன். இருபத்தெட்டு வருஷம் கம்பெனிக்குப் போனாய். உன் பெயர் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

செய்தி வந்த அன்று காலையில் உன் மனைவி பேப்பரைத் தெரு முழுக்கக் காட்டினாள். டீக்கடை பாய் அதைக் கடைச் சுவரில் ஒட்டினார். “இன்னா சார், இனிமே நம்ம தெரு ஃபேமஸு. டீ விலைய ஏத்திடலாமா?” என்றார். உன் பெண் மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள்.

“மூணு வருஷமா ஊர் பேர்கூட சொன்னதில்ல மாமா. சங்கு கேட்டா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு மைக்க அணைப்பேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

மூன்றாம் நாள், அவள் ஆடிக்கொண்டிருக்கும்போது, பார்ப்பவர்கள் எழுதும் பகுதியில் உன் பெயர் வந்தது. உன் பெயர், பக்கத்தில் நம் தெரு, கீழே ‘சீக்கிரம் வர்றேன்’. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வாரம் வாசலில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே பெண்கள் போடும் செருப்பு, சரியாக அவள் அளவு. எப்போதோ நேரலையில் பேச்சுவாக்கில், “எங்கப்பா எனக்குக் கடையில செருப்பு வாங்கவே விடமாட்டாரு, என் அளவு அவருக்கு மனப்பாடம்” என்று அளவையும் சொல்லியிருக்கிறாள். அதை ஒருவன் ஞாபகம் வைத்திருக்கிறான். செருப்புக்கு அடியில் ஒரு சீட்டு: ‘சரியா இருக்கா? நேர்ல வந்து பாக்கறேன்.’

பாய் அவனைப் பார்த்திருக்கிறார். “ஹெல்மெட்ட கழட்டவே இல்ல சார். பைக்ல குந்திக்கினே உங்க வீட்ட போட்டோ புடிச்சான். யாருப்பான்னேன். தோஸ்த் வீடுன்னான்.” சுவரில் ஒட்டிய பேப்பரை அவரே கிழித்துவிட்டார். அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

காவல் நிலையத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். எழுத்தர் மரியாதையானவர்தான். பெயர், வயது, முகவரி கேட்டு எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

“இன்னா பண்றம்மா?”

“கேம் ஸ்ட்ரீமிங் சார். நேரலையில கேம் ஆடறேன்.”

“அது சரி. வேலை இன்னா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘இல்லை’ என்று எழுதினார். “தப்பா நெனச்சிக்காதீங்க சார். வேலைக்குப் போற பொண்ணுன்னா போற வழில பந்தோபஸ்து குடுக்கலாம். இது வெளாட்டு. நிறுத்திட்டா அவனும் நின்னுடுவான்.”

உன் மனைவியும் அதையேதான் சொல்கிறாள். “போதும்டி. உசுரோட இருந்தா போதும் எனக்கு.” அவள் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பாதி மனதோடு நிறுத்திடேம்மா என்றுதான் சொன்னேன்.

உன் பெண் கேட்டாள். “அப்பாவுக்கு மெஷின்ல வெரல் போச்சே மாமா. அப்ப யாராவது அது வேலையே இல்ல, வெளாட்டுன்னு சொன்னாங்களா? மெஷினுக்குத் தடுப்பு போட்டாங்க. அப்பா மறுமாசம் வேலைக்குப் போனாரு. எனக்கு மட்டும் தடுப்பு இல்ல, வேலையும் இல்லயா?”

தோல் வெட்டும் மெஷினில் போன உன் ஆள்காட்டி விரல் நுனி எனக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, “இனிமே யாரையும் சுட்டிக் காட்டிப் பேச முடியாதுடா” என்று நீதான் சிரித்தாய். இருந்திருந்தால் நீ இவளுக்கு என்ன சொல்லியிருப்பாய் மச்சான்? போ என்றா, போகாதே என்றா?

பதினொரு நாளைக்குப் பிறகு இன்று அவள் மறுபடி உட்கார்ந்திருக்கிறாள். நான் கூடத்தில், வாசல் கதவுக்கு முதுகைக் கொடுத்து நாற்காலி போட்டு இதை எழுதுகிறேன். தாழ்ப்பாளை நான்கு தடவை பார்த்துவிட்டேன். உன் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டு நிற்கிறாள்.

ஒன்றரைக்குச் சங்கு ஊதியது. அவள் மைக்கை அணைக்கவில்லை. யாரோ கேட்டிருக்க வேண்டும். “ஆமா, எங்க ஊர் சங்குதான். எங்கப்பா இந்தச் சங்குக்குத்தான் ஓடுவாரு” என்றாள். குரல் ஒரு இடத்தில் உடைந்து, சேர்ந்துகொண்டது.

இப்போது ஒரு பைக் சத்தம் வாசலில் மெதுவாகிறது. பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன். போய்விட்டது. யார் என்று தெரியாது.

அந்தச் செய்தியை அவன் கடைசி வரி வரை படித்தவன். இது பேப்பரில் வரும்போது இதையும் படிப்பான். அதனால்தான் இதில் உன் பெயர் இல்லை, அவள் பெயர் இல்லை, தெரு இல்லை. பெயர் இல்லாமல் நான் எழுதும் முதல் செய்தி இதுதான்.

தினமும் ஒரு மணிக்கு இந்த நாற்காலியில் இருப்பேன் மச்சான். தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்பதை அடித்து, அவள் செய்யும் வேலையை எழுத்தர் எழுதும் வரை காவல் நிலையப் படியில் ஏறிக்கொண்டே இருப்பேன். யார் தெருவையும் அவர்களைக் கேட்காமல் இனி எழுத மாட்டேன். பயம் போனதும் உட்காருகிறேன் என்று சொல்லவில்லை. பயத்தோடேதான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் பெண்ணின் தாய்மாமன்