பஸ் மைக்கில் சொன்ன பேர்

என் தங்க அம்மா,

நீ இருந்திருந்தால் என்னை இதைச் சொல்ல விட்டிருக்க மாட்டாய். "பேசாம இரு புள்ள, பெரிய எடத்து ஆளுங்க" என்று என் வாயைப் பொத்தியிருப்பாய். இப்போது பொத்த ஆளில்லை. பஸ் நிறைய ஆட்கள் கேட்கச் சொல்லிவிட்டேன்.

போன கிழமை ரொறன்ரோ மில்லிக்கனிலிருந்து சுற்றிப்பார்க்க ஒரு பஸ் ரூர் போனோம். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், அடிமைகளை வைத்துப் புகையிலை பயிரிட்ட பழைய தோட்டம் ஒன்றை இப்போது எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறார்கள். ஏறினால் முன்சீட்டில் யார் தெரியுமா? ஒன்பது வயதில் உன்னை ஹற்றன் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் வேலைக்கு வைத்தார்களே, அந்த வீட்டு மகள்.

முன்பொருநாள் பிளாசாக் கடையில் அவரைக் கண்டதும் நீ மரக்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்தாய். ஏனென்று நான் விடாமல் கேட்டதில்தான் முழுக்கதையும் வெளியே வந்தது. அறுபது வயதில் எதற்கம்மா ஒளிந்தாய்? ஒளிய வேண்டியது நீயா?

அவருக்கு என்னைத் தெரியாது; பஸ்ஸில் எல்லோரையும் போல நானும் அவரை அன்ரி என்றேன். அந்தத் தோட்டத்துச் சமையல் குசினியில், எசமானின் மகளுக்குப் பணிவிடை செய்த ஒரு சிறுமி படுத்த மூலையைக் காட்டினார்கள். வெறும் தரை. சுவரில் அடிமைகளின் பேர்கள். இவையெல்லாம் எசமான்கள் வைத்த பேர்கள், தாய்மார் வைத்தவை ஒருவருக்கும் தெரியாது என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். அன்ரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "எப்பிடித்தான் மனம் வந்துதோ பாவியளுக்கு!" என்றார்.

எங்கள் ஆட்களின் ரூரில் திரும்பும்போது மைக் கைமாறுவது உனக்குத் தெரியும்தானே, பாட்டும் பகிடியுமாய். அன்று பாட்டில்லை, பார்த்ததைப் பற்றிய பேச்சு. அன்ரி மைக்கை வாங்கினார்.

"எங்கட வீட்டிலயும் ஒரு மலைநாட்டுப் பிள்ளை வேலைக்கு நிண்டது. சொந்தப் பிள்ளை மாதிரித்தான் வைச்சிருந்தனாங்கள். நான் போட்ட சட்டையெல்லாம் அவளுக்குத்தான்."

கை தட்டினார்கள், அம்மா! நான் எழும்பிப் போய் மைக்கை வாங்கினேன்.

"அன்ரி, அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன?"

"சின்னி எண்டு கூப்பிடுவம்."

"அது நீங்கள் வைச்ச பேர். தாய் வைச்ச பேர்?"

"அது ஆருக்கு ஞாபகம், பிள்ளை?"

"ராஜேஸ்வரி. உங்கட பேர்தான். வேலைக்காரிக்கு வீட்டுப் பிள்ளையின்ர பேர் கூடாதெண்டு உங்கட அம்மாதான் மாத்தினவ. படுத்தது குசினித் தரையில. தேத்தண்ணி குடிச்சது தேங்காய்ச் சிரட்டையில. அவ என்ர அம்மா."

பின்னாலிருந்து ஒருவர், "விடும் தங்கச்சி, பழசையெல்லாம் ஏன் கிண்டுறீர்?" என்றார்.

"பழசைப் பாக்கத்தானே அண்ணை இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றேன்.

வழியில் பஸ் நின்ற இடத்தில் அன்ரி ஒரு தேத்தண்ணிக் கப்போடு என்னிடம் வந்தார். "எனக்கும் அப்ப பத்து வயசுதான், பிள்ளை. அம்மாவிட்ட நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லும்."

"அவ செத்துப்போனா."

"அப்ப நீராவது மன்னியும்."

கப்பை வாங்கி, அவர் பார்த்துக்கொண்டு நிற்க, கடைசிச் சொட்டுவரை நிலத்தில் ஊற்றினேன். கெட்ட வேலைதான். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், ரொறன்ரோ வந்து சேரும்வரை நெஞ்சு குளிர்ந்துகொண்டே இருந்தது.

அவவும் சின்னப் பிள்ளைதானே என்பாய். ஓம், அப்போது. பிறகு ஐம்பது வருடம் வளர்ந்தாரே, ஒருநாளாவது உன்னைத் தேடினாரா? கடைசிக் காலத்தில் நீ இருந்தது அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில்.

மன்னிப்பது உன்னுடைய உரிமை, அம்மா. நீ உயிரோடிருந்தபோது அதைக் கேட்டு ஒருவரும் உன் கதவைத் தட்டவில்லை. இனி உன் பேரில் அதை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அவர் என்னைக் கோயிலில் கண்டு கும்பிட்டாலும் மாட்டேன், சாகக் கிடந்து ஆளனுப்பினாலும் மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

ராஜேஸ்வரி பெற்ற ஒரே மகள்,
கலா